குண்டிக்காய்த் தீவின் இரண்டு கம்புகள்

கானாக், 1985 மே 28

அடி கொழுப்புத்திருடி,

இந்த வயதிலும் இந்தப் பேரா என்று முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள். அம்மா கடல்நாயை அறுக்கும்போதெல்லாம் கத்திக்கடியில் கைவிட்டுக் கொழுப்பை உருவித் தின்றவள் நீதான். ஒருநாள் கத்தி உன் விரலைக் கிழித்தே விட்டது. அப்போதும் நீ கொழுப்பை விடவில்லை. அதைப் பார்த்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் அப்படித்தான் கூப்பிடுவேன்.

சேதி என்னவென்றால், என் கரடிக்குட்டி கரடியோடு வந்திருக்கிறான். சிப்சுவைத்தான் சொல்கிறேன். உங்கள் கரைக்குப் பக்கத்தில் பெரிய ஆண் கரடி. தோலை வெளியே விரித்திருக்கிறேன், போகிற வருகிறவர்கள் எல்லாம் மிதிக்காமல் சுற்றிப் போகிறார்கள். ஒரு ஆளுக்கு நல்ல கால்சட்டை வரும், மிச்சமும் இருக்கும். அவன் அப்பா உயிரோடிருந்தால் இந்நேரம் வீடு வீடாகப் போய்ப் பீற்றியிருப்பார். அவர் இல்லாததால் நான் போனேன்.

இன்னொன்று கேள். நடுக்கடலில் குண்டிக்காய்த் தீவு இருக்கிறதே, நீயும் நானும் சின்ன வயதில் அப்பாவோடு தங்கிய இடம், கடல்நாயின் குண்டிக்காய் மாதிரி வளைந்து கிடக்குமே, அங்கே சிப்சு ஒரு ராத்திரி தங்கியிருக்கிறான். மேலே ஏறிப் பார்த்தால் இரண்டு மரக்கம்பு! நல்ல வழுவழுப்பான மரம், ஒரு முடிச்சு இல்லை. யாரோ கல்லடுக்கி நட்டுவைத்துப் போயிருக்கிறார்கள். ஒன்றில் வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்புத் துணி, அது டென்மார்க்காரர்களுடையது, எங்கள் பள்ளிக்கூடத்து வாசலிலும் பறக்கிறது. இன்னொன்றில் ஒரு சிவப்பு இலை. அது என்ன இலை? நீ அங்கே பார்த்திருக்கிறாயா? இங்கே புல்லே விரல் நீளம்தான் வளர்கிறது.

‘நல்ல மரத்தைப் பாறையில விட்டுட்டுப் போயிருக்காங்கம்மா, பாவம் மறந்துட்டாங்க போல’ என்றான். இரண்டையும் நாய்வண்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். சிலுவைக் கம்பை அறுத்து வண்டிக்குப் பின்கைப்பிடி வைத்தாயிற்று. இலைக் கம்பு இன்னும் முழுசாக இருக்கிறது. ஈட்டிக்கு ஆகும்.

உன் வீட்டுக்காரர் சிமியோனிக்கும் உன் மகள் அலாசிக்கும் கரடி இறைச்சி அனுப்ப ஆசை. தபால்காரர் வாங்க மாட்டேன் என்கிறார். எழுது.

உன் அக்கா இனாலுக்


அவ்சுயித்துக், 1985 ஆகஸ்ட் 9

அக்கா,

உன் கடிதம் போன வாரம்தான் வந்தது. பத்துத் தூக்கத் தூரத்தில் இருக்கிறாய், நாய்வண்டி கட்டினால் பதினோராவது நாள் உன் வீட்டு அடுப்பு எனக்குத் தெரியும். ஆனால் உன் காகிதம் கோபன்ஹேகன் போய், கடல் தாண்டி, ஒட்டாவா போய், அங்கே யார் யார் கையிலோ கிடந்து வடக்கே ஏறி வருகிறது. அதற்குள் இங்கே என்ன நடந்துவிட்டது தெரியுமா?

அந்த இலைக் கம்பை நட்டதே என் வீட்டுக்காரர்தான், அக்கா!

அவர் இங்கே போலீசுக்கு உதவி ஆளாக இருக்கிறார் என்று உனக்குத் தெரியும். போன வருஷம் டென்மார்க்காரர்கள் ஹெலிகாப்டரில் வந்து அந்தத் தீவில் சிலுவைக் கொடி வைத்தார்களாம். உடனே எங்கள் கனடாப் பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை. இவரைக் கூட்டிப் போய் இலைக் கொடியை நடச் சொன்னார்கள். இவரும் நட்டார். காற்றுக்கு அசையாமல் நிற்கும்படி கல் அடுக்கினாராம், அதை என்னிடம் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார், அவ்வளவு பெருமை. இந்தக் கோடையில் போய்ப் பார்த்தால் இரண்டையும் காணோம்.

எங்கள் ஆட்கள் டென்மார்க்காரன் பிடுங்கினான் என்கிறார்கள். அவன் நாங்கள் பிடுங்கினோம் என்கிறானாம். தலைநகரத்திலிருந்து தலைநகரத்துக்குக் காகிதம் பறக்கிறது. இந்த நேரத்தில் உன் கடிதத்தைப் பிரித்து இவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதியில் என் வாய் நின்றுவிட்டது. இவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

மறுநாள் மேலதிகாரி கேட்டார், ‘சிமியோனி, யார் எடுத்திருப்பாங்கன்னு உனக்கு ஏதாவது தெரியுமா?’ இவர் சொன்னார், ‘தெரியும். சொல்ல மாட்டேன்.’ தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வராது இவருக்கு. சட்டையையும் தொப்பியையும் வாங்கிக்கொண்டார்கள். தொப்பி வைத்த இடத்தில் நெற்றி வெள்ளையாக இருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை.

சிப்சுவிடம் சொல்லு, அந்தக் கம்பை எடுத்த இடத்தில் நடட்டும். ஈட்டி செய்யக் கூடாது. கேட்கிறாயா?

பத்லோக்


கானாக், 1985 அக்டோபர் 17

கொழுப்புத்திருடி,

சூரியன் இன்றோடு போகிறது. மலைக்கு மேலே ஒரு கீற்று தெரிந்தது, எல்லாரும் வெளியே நின்று பார்த்தோம். அதன்பின் உன் கடிதத்தைப் பிரித்தேன். பிரிக்காமலே இருந்திருக்கலாம்.

என் பிள்ளையைத் திருடன் என்கிறாயா? நம் ஊரில் மரம் முளைக்குமா? கடல் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டால் அதை முதலில் பார்த்தவன் கரைக்கு மேலே இழுத்துக் கல் வைத்தால் அவனுடையது. கல் வைத்தவன் திரும்பி வரவே போவதில்லை என்றால் அடுத்தவன் எடுப்பான். அந்தத் தீவில் அடுப்புச் சாம்பல் இல்லை, நாய் எச்சம் இல்லை, மனிதன் தூங்கிய தடமே இல்லை. வந்தவர்கள் ஒரு வேளைச் சோறுகூட அங்கே தின்னவில்லை. வாழாத இடத்தில் கம்பை நட்டுவிட்டு என்னுடையது என்றால் என்ன நியாயம்?

நீ மறந்துவிட்டாயோ என்னவோ, நான் மறக்கவில்லை. அமெரிக்காக்காரனுக்கு விமானத்தளம் வேண்டும் என்று எங்களை உம்மன்னாக்கிலிருந்து கிளப்பினார்கள். சட்டியில் கறி கொதித்துக்கொண்டிருந்தது, அப்படியே கவிழ்த்துவிட்டு வண்டி கட்டினோம். நீயும் என்கூட வண்டி தள்ளினாய். வந்து சேர்ந்த இடத்தில் வீடு இல்லை, கூடாரத்தில் குளிர்காலத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். அதே வருஷம், அந்தக் கரையில், இந்த இலைக்காரர்கள் சிமியோனியின் ஆட்களைத் தெற்கே அவர்கள் ஊரிலிருந்து கப்பலில் ஏற்றி அந்த இருட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். எதற்கு? அங்கே எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், நிலம் எங்களுடையது என்று உலகத்துக்குக் காட்ட. எங்களைப் பிடுங்கினார்கள், அவர்களை நட்டார்கள். உன் வீட்டுக்காரரே ஒரு கொடிக்கம்பம்தானடி! ஒரு கம்பு இன்னொரு கம்புக்காக அழுவானேன்?

சிப்சு பக்கத்தில் உட்கார்ந்து நாய்ப்பட்டை தைத்துக்கொண்டிருக்கிறான். ‘அம்மா, அப்படி எழுதாதே, சித்தப்பாவுக்கு வலிக்கும்’ என்கிறான். வலித்தால் வலிக்கட்டும் என்று எழுதிவிட்டேன். கம்பு வராது.

இனாலுக்


அவ்சுயித்துக், 1986 ஜனவரி 6

அக்காவுக்கு,

இவருக்கு நம் எழுத்து படிக்கத் தெரியாது. அதனால் எப்போதும்போல நான் சத்தமாகப் படித்தேன். அந்த வரி வாயைவிட்டுப் போனபிறகுதான் என்ன படித்தேன் என்று எனக்கே புரிந்தது.

இவர் கோபப்படவில்லை. இப்படித்தான் சொன்னார், ‘உங்கக்கா சொல்றது சரிதான். ஆனா கொடிக்கம்பத்துக்குப் பசிக்காது. எங்களுக்குப் பசிச்சுது.’

அவ்வளவுதான். எழுந்து போய் நாய்களுக்குத் தீனி போட்டார்.

முதல் குளிர்காலம் அவர்கள் போலீஸ் நாய்களின் தீனி மிச்சத்தைத் தேடிப் போனதை அவர் என்னிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். இந்த இருட்டு எங்கள் ஊரில் கிடையாது, கடல் எங்கே திறக்கும் என்று தெரியாது, கடல்நாய்கள் பனியில் போடும் மூச்சுத்துளைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம் என்றார். கண்டுபிடித்தவர் அவர். இந்த ஊர் அவர் கண்டுபிடித்த ஊர். அதை உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

அலாசி வயிற்றில் பிள்ளை. ஆகஸ்டில் வரும் என்கிறார்கள். கொஞ்ச நாளைக்கு நீ எழுதாதே.

பத்லோக்


கானாக், 1986 ஏப்ரல் 22

தங்கச்சி,

எழுதாதே என்றாய். எழுத வேண்டி வந்துவிட்டது. ரேடியோவில் கேட்டிருப்பாய்.

அவன் பேரை எழுத மாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். செத்தவர் பேர் பிறக்கிற ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேரும்வரை அதை வாயில் எடுக்கக் கூடாது. அதுவரை அது வீடில்லாமல் வெளியே நிற்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், போக இடம் இருக்காது. இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. அதே பேர் கொண்ட ஒரு கிழவர் இருக்கிறார், அவரைக்கூட இப்போது வேறு பேரால்தான் கூப்பிடுகிறார்கள். கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது.

நடந்தது இதுதான். உன் கடிதம் மார்ச் மாதம் வந்தது. அன்றைக்கு எனக்குக் கண் எரிச்சல், அவன்தான் படித்தான். எங்களுக்குப் பசித்தது என்று சித்தப்பா சொன்ன அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினான். திரும்ப ஒருமுறை படித்தான். மறுநாள் காலையில் இலைக் கம்பைக் கடல்நாய்த் தோலில் சுற்றி வண்டியில் கட்டினான். ‘எங்கடா?’ என்றேன். ‘சித்தப்பாகிட்ட கொடுத்துட்டு வரேன்மா. அவர் நட்டாலும் சரி, ஈட்டி செஞ்சாலும் சரி. அவர் கையில இருக்கணும்’ என்றான். ‘சித்தி திட்டினா?’ என்றேன். ‘திட்டும்போது வாயில கரடிக்கறியைத் திணிச்சிடுவேன்’ என்றான். சிரித்துக்கொண்டுதான் போனான்.

நடுவிலே கடல் உறையாது அல்லவா, வடக்கே சுற்றிக் குண்டிக்காய்த் தீவு வழியாகத்தான் போகவேண்டும். சியோராபாலுக் ஊர் மசௌனா அந்த வழியாக வந்தபோது தீவில் நாய்கள் ஊளையிடுவது கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் வண்டி ஒழுங்காகக் கல்மறைவில் நிற்கிறது, நாய்கள் வரிசையாகக் கட்டியிருக்கின்றன, ஒன்றும் சிக்கவில்லை. கம்பு தோலுக்குள் முழுசாக இருக்கிறது. காலடித் தடம் தீவிலிருந்து பனி மேலே போகிறது. கொஞ்ச தூரம் போய்த் தடம் நிற்கிறது. அங்கே பனி இல்லை, தண்ணீர்தான். நாய்களுக்குத் தீனி தீர்ந்திருக்கவேண்டும், கடல்நாய் பிடிக்கப் போயிருக்கிறான். அவன் நின்ற துண்டு உடைந்து காற்றோடு போய்விட்டது.

பனி தெரியாதவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மசௌனா சொன்னார், ‘அக்கா, அந்தப் பனியில நானும் நின்னிருப்பேன். நல்ல பனிதான் அது.’ தன் வயிற்றுக்காகப் போகவில்லை, நாய்களுக்காகப் போனான். ஒரு நாய்கூடச் சாகவில்லை, மசௌனா எல்லாவற்றையும் வண்டியோடு, கம்போடு வீட்டில் கொண்டுவந்து விட்டார். என் பிள்ளை அப்படிப்பட்ட ஆள்.

இப்போது நான் கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். இங்கே இந்த வருஷம் பிறக்கப்போவது ஒரே பிள்ளை, அதற்கு அதன் பாட்டன் பேர் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அலாசியின் பிள்ளை ஆணோ பெண்ணோ, அதற்கு அந்தப் பேரைக் கொடுப்பீர்களா? என்னால் என் மகனை இன்னொரு குளிர்காலம் வெளியே நிறுத்திவைக்க முடியாது.

சிமியோனியிடம் நீ படித்துக் காட்டு. எல்லாவற்றையும் படி.

அக்கா


அவ்சுயித்துக், 1986 ஜூன் 15

என் அக்கா,

ரேடியோவில் சொன்ன அன்றே இவர் வண்டி கட்டிவிட்டார். ‘நீங்க இப்ப போலீஸ் இல்லையே, உங்களை யாரும் போகச் சொல்லலையே’ என்றேன். ‘போலீஸா இருந்தா உத்தரவுக்குக் காத்திருக்கணும்’ என்றார். கரை ஓரமாக வடக்கே போய்த் தேடிவிட்டு, முகமெல்லாம் குளிரில் வெந்து கறுத்துத் திரும்பி வந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. உன்னிடம் வந்து உன் பக்கத்தில் உட்கார எனக்குக் கால் துடிக்கிறது. கேட்டேன். அலுவலகத்து ஆள் சொன்னான், கடவுச்சீட்டு வேண்டுமாம், மாண்ட்ரியல் போய்க் கோபன்ஹேகன் போய் வரவேண்டுமாம். நாம் இரண்டு பேரும் ஒரே படுக்கையில் தூங்கியவர்கள் என்று அந்த ஆளிடம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

உன் கடிதத்தை இவருக்கு எல்லாம் படித்தேன். கம்பைத் தோலில் சுற்றியது வந்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பேரைப் பற்றிக் கேட்டதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். இவருடைய அம்மாவின் பேரும் காத்திருக்கிறது. மெயாரி. அதைக்கூட நாங்கள் சொல்வதில்லை, உனக்காக ஒருமுறை எழுதுகிறேன். இரண்டு வருஷத்தில் பிடிக்காவிட்டால் திரும்பக் கொண்டுபோய் விடுகிறோம் என்று சொல்லித்தான் அவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். கிழவி ஒரு மூட்டையை அவிழ்க்கவே இல்லை. ஊருக்குப் போகும்போது மறுபடி கட்டவேண்டுமே என்பாள். அந்த மூட்டை இன்னும் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. அலாசி முழுகாமல் இருக்கிறாள் என்றதும் இவர் அதைத்தான் வெளியே எடுத்துத் தட்டி வைத்தார். அவரை நான் எப்படி நெருக்குவேன்?

ஜூலையில் அலாசியைத் தெற்கே ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டுபோகிறார்கள். இங்கே பெறக் கூடாதாம். தனியாகத்தான் போகிறாள்.

பத்லோக்


கானாக், 1986 ஆகஸ்ட் 3

கொழுப்புத்திருடி,

உன் கடிதம் வந்தது. கிழவியின் மூட்டையைப் பற்றிப் படித்தபோது அழுதேன். எனக்காக நீ அவரிடம் கெஞ்சாதே. அந்த அம்மா என் மகனுக்கு முன்னால் வந்து வரிசையில் நிற்பவள். நாம் பேரைப் பிடுங்குகிறவர்கள் இல்லை.

எனக்கு இங்கே என்ன நடந்தது கேள், கொஞ்சம் சிரிப்பாய்.

ஜூன் மாதம் பறவை வந்ததும் நான் மலைச்சரிவுக்குப் போனேன். குட்டை அலகுக் கடல்பறவைகள் கூட்டம் கூட்டமாகச் சரிந்து வருமே, அதைப் பிடிக்க நீளமான காம்பு வைத்த வலை வேண்டும். என் பழைய காம்பு உடைந்துவிட்டது. என் கையில் இருந்த நல்ல மரம் எது? சிமியோனியின் இலைக் கம்புதான். அறுக்கவில்லை, பயப்படாதே. நுனியில் வலையைக் கட்டினேன், அவ்வளவுதான். அந்தக் கம்பு கையில் இருந்தபோது முதல்முறையாக நான் சாப்பிட்டது உடம்பில் ஒட்டியது. ஒரு முழுக் கடல்நாய்த்தோல் நிறையப் பறவைகளை அடைத்துத் தைத்துக் கல்லுக்கடியில் கிவியாக் போட்டிருக்கிறேன். குளிர்காலத்தில் பதமாகும். எதற்கு, யாருக்கு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் கோபன்ஹேகனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கூடவே மொழிபெயர்க்க நூக்கிலிருந்து ஒரு பெண். பாவம், நம் பேச்சு அவளுக்குப் பாதிதான் புரிகிறது. தெற்கத்திக்காரி. அவர்களுக்குப் பறவைக் கறி கொதிக்கவைத்துப் போட்டேன். உயரமானவர் எலும்பைக் கூடச் சப்பினார்.

‘அம்மா, ரொம்ப ருசி. இதை எப்படிப் பிடிச்சீங்க?’

‘கம்பால.’

அந்தக் கம்பு கதவுக்குப் பின்னால்தான் சாத்தியிருந்தது. அவர் முதுகு அதில் பட்டுக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு பறவையை அவர் தட்டில் போட்டேன்.

‘உங்க மகன் அந்தத் தீவுக்குப் பக்கத்துல காலமானதா கேள்விப்பட்டோம். வருத்தமா இருக்கு’ என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் காகிதத்தை எடுத்தார். ‘உங்க ஆளுங்க காலங்காலமா அந்தத் தீவைப் பயன்படுத்தியிருக்காங்கன்னு நீங்க சொன்னா அது நம்ம நாட்டுக்குப் பெரிய பலம்.’

‘நம்ம நாடுன்னா?’

‘டென்மார்க்’ என்றாள் தெற்கத்திக்காரி, தலையைக் குனிந்துகொண்டு.

‘பயன்படுத்தியிருக்கோம். எங்கப்பா, எங்க தாத்தா, எல்லாரும். எழுதிக்கோங்க.’ அவர் வேகமாக எழுதினார். ‘என் தங்கச்சி வீட்டுக்காரரும் பயன்படுத்தியிருக்கார். அதையும் எழுதிக்கோங்க.’ பேனா நின்றது.

‘அவர் எந்த ஊர்?’

‘அந்தக் கரை.’

‘அது கனடாம்மா.’

‘அப்படியா? எனக்கு அது தங்கச்சி இருக்கற கரை.’

இளையவர் கொஞ்சம் பொறுமை இழந்துவிட்டார். ‘அம்மா, கடைசியா கேக்கறேன், அந்தத் தீவு யாருதுன்னு நினைக்கிறீங்க?’

தங்கச்சி, நான் பள்ளிக்கூடத்தில் இரண்டு குளிர்காலம்தான் இருந்தவள். பெரிய மனிதர்களிடம் பேசும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒட்டவில்லை. சொன்னேன், ‘ரெண்டு கொடி வச்சீங்க. ரெண்டும் காத்துல நூல் நூலா கிழிஞ்சிருந்துது, என் மகன் சொன்னான். அங்க இப்ப இருக்கறது அவன் நாய் கட்டின கல்லு. அது அசையலை. போய்ப் பாருங்க. அந்தக் கல்லு எந்த நாடுன்னு அதுகிட்டயே கேளுங்க.’

அந்தப் பெண் அதை மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் கேட்டார்கள், கேட்டார்கள், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தாள். பிறகு என்னிடம் மட்டும், மெதுவாக, ‘உங்க மகன் பேர் என்னம்மா?’ என்றாள்.

என்னால் சொல்ல முடியவில்லை.

இனாலுக்


அவ்சுயித்துக், 1986 செப்டம்பர் 11

அக்கா, அக்கா, அக்கா,

சிப்சு வந்துவிட்டான்!

எழுதிவிட்டேன் பார். நூறு தடவை எழுதுவேன். சிப்சு. பெண் குழந்தை. தலை நிறைய முடி. இரண்டு கையும் முறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், நாய்ப்பட்டையைப் பிடித்த மாதிரி.

எப்படி என்று கேள். அலாசியை விமானத்தில் ஏற்றும்போது இவர் அவள் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னீங்க என்று கேட்டால் என்னிடம் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து டெலிபோன். அலாசிதான். ‘அம்மா, ரொம்ப கஷ்டமா இருந்துது, வரவே மாட்டேன்னுச்சு. அப்பா சொன்ன மாதிரி செஞ்சேன்’ என்றாள். அவர் சொன்னது இதுதான்: ‘வலி வரும்போது ரெண்டு பேரையும் கூப்பிடு. எங்கம்மாவையும் கூப்பிடு, அந்தப் பையனையும் கூப்பிடு. யாருக்கு வரணுமோ வரட்டும். நாம கதவை மட்டும் திறந்து வைப்போம்.’

முதலில் பாட்டியைக் கூப்பிட்டிருக்கிறாள். வரவில்லை. சிப்சு என்று கத்தியிருக்கிறாள். நர்சுகள் புருஷனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்களாம். இரண்டாவது தடவை கத்தும்போது வந்துவிட்டான். ‘வந்துட்டான்மா!’ என்று இவள் போனில் அழுகிறாள், பக்கத்தில் நர்ஸ் ‘பொண்ணுங்க, பொண்ணு’ என்று திருத்துகிறாள்.

இவர் போனை வாங்கினார். ‘அப்ப எங்கம்மா?’ என்றார். அலாசி சொன்னாள், ‘பாட்டி பின்னாடியே வந்துட்டாப்பா. பேர் வச்சதும்தான் அழுகையை நிறுத்தினா. சிப்சு மெயாரின்னு வச்சிருக்கேன்.’ இவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார், வைக்கவே இல்லை, அந்தப் பக்கம் போன் அறுந்துபோன பிறகும்.

இப்போது வீட்டில் ஒரே கூத்து. இவர் குழந்தையை ‘அம்மா’ என்கிறார். நான் ‘அக்கா மகனே’ என்கிறேன். நேற்று கட்டிலுக்கடியிலிருந்து மூட்டையை இழுத்து அவிழ்த்தார். உள்ளே என்ன தெரியுமா? ஒரு சட்டி, ஒரு சால்வை, ஒரு பழைய கொழுப்பு விளக்கு. சால்வையில் உன் மகன் தூங்குகிறான்.

எங்கள் ஊருக்கும் வந்தார்கள், ஒட்டாவாவிலிருந்து. தீவைப் பற்றி இவர் சாட்சி சொன்னால் சட்டையும் தொப்பியும் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். இவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே பேசினார். ‘முப்பத்துமூணு வருஷமா நிக்கறேன், என்னைவிடப் பெரிய சாட்சி வேணுமா? ஆனா நான் உங்களுக்காக நிக்கலை’ என்றார். தொப்பி வேண்டாம் என்றுவிட்டார். நெற்றி இப்போது எல்லா இடமும் ஒரே நிறமாகிவிட்டது, அழகாக இருக்கிறார்.

கம்பை என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு இவர் சொன்ன பதில்: அது உன்னிடமே இருக்கட்டும். பறவை பிடிப்பதற்கு இவ்வளவு பெருமையான கம்பு எந்த நாட்டிலும் கிடையாதாம்.

உன் பத்லோக்


கானாக், 1986 டிசம்பர் 14

அடே கரடிக்குட்டி,

உன் சித்தி, இப்போது உனக்குப் பாட்டி, இதை உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். படிக்கும்போது அழுதால் அவள் மூக்கைப் பிடித்து இழு. நான் சொன்னேன் என்று சொல்.

நேற்று கிவியாக்கைத் திறந்தேன். நல்ல பதம். வாசனை ஊரையே கூட்டிவிட்டது. வீடு கொள்ளவில்லை, வாசல்வரை ஆள். மசௌனா வந்தார். உன் பேர் கொண்ட கிழவர் வந்தார், ‘அப்பாடா, என் பேரை நான் திரும்ப வாங்கிக்கலாமா?’ என்றார். எல்லாரும் பறவையின் சிறகை உரித்துக்கொண்டே உன்னைப் பேரால் கூப்பிட்டார்கள். சிப்சு இப்படிச் சிரிப்பான், சிப்சு அப்படி ஓட்டுவான், சிப்சு ஒருமுறை நாயிடம் மன்னிப்புக் கேட்டான். எட்டு மாதமாக வாயில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. நான் தின்னவே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். வயிறு நிறைந்துவிட்டது.

நீ கனடாக்காரனாம் இப்போது. பாதிரியார் சொன்னார். போனமுறை டென்மார்க்காரன். நல்லது. எனக்கு இரண்டு நாட்டிலும் மகன் இருக்கிறான் என்று சொல்லிக்கொள்கிறேன். கோபன்ஹேகன்காரர்கள் மறுபடி வந்தால் அதையும் எழுதிக்கொள்ளச் சொல்வேன்.

உன் நாய்கள் கொழுத்திருக்கின்றன. முன்னோடி நாய்க்கு ஆறு குட்டி. கரடித்தோல் கால்சட்டையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பெண்பிள்ளை கரடி வேட்டைக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், இவள் போய்வந்தவள் என்று சொல். கம்பு கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நுனியில் வலை அப்படியே இருக்கிறது. நீ நடந்து பழகியதும் சிமியோனி உன்னை வண்டியில் வைத்து வடக்கே சுற்றிக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தக் காகிதமும் கேட்காத வழி அது ஒன்றுதான். வரும்போது தீவில் தங்குங்கள். நீ நாய் கட்டிய கல் அங்கேயே இருக்கும்.

நான் அழவில்லை. நீ செய்தது எல்லாம் சரி. கம்பைக் கொடுக்கக் கிளம்பினாய், கொடுக்காமலே கொடுத்துவிட்டாய். ஊரே சொல்கிறது, இரண்டு கரையும் சொல்கிறது. எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான், வேறு யாரைக் கேட்பது?

நீ நின்ற அந்தப் பனித்துண்டு நகர ஆரம்பித்தபோது, அந்தப் பக்கம் உன் சித்தியின் மலை தெரிந்திருக்கும், இந்தப் பக்கம் என் மலை தெரிந்திருக்கும். நல்ல வெளிச்சமான நாள் என்று மசௌனா சொன்னார். நீ எந்தப் பக்கம் திரும்பி நின்றாயடா, மகனே?